வாடகை விமானத்தின் டெக் லாக்கைப் புரட்டுவது யார்?

2024 ஏப்ரல் 14. மக்களவைத் தேர்தல் பிரசாரம் உச்சத்தில் இருந்த நேரம். கொல்கத்தாவின் பெஹாலா ஃப்ளையிங் கிளப் மைதானத்தில், திரிணமூல் காங்கிரஸின் அபிஷேக் பானர்ஜிக்காக அமர்த்தப்பட்ட ஹெலிகாப்டர் சோதனைப் பறப்புக்குத் தயாராக நின்றது. வருமான வரித் துறையினர் வந்து சேர்ந்தார்கள். வாக்குவாதம் மூண்டது, இது அரசியல் பழிவாங்கல் என்று கட்சி கொதித்தது. மறுநாள் நீலகிரி மாவட்டம் தாளூரில் ராகுல் காந்தி வந்திறங்கிய ஹெலிகாப்டரைத் தேர்தல் பறக்கும் படை சோதித்தது. இரண்டு இடங்களிலும் அதிகாரிகளின் தேடல் பணத்தையும் பரிசுப் பொருளையும் சுற்றியே இருந்தது.

வாடகை ஹெலிகாப்டருக்குள் அரசு அதிகாரி ஏறுவதைப் பொதுமக்கள் பார்ப்பது அநேகமாக இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். அதே ஹெலிகாப்டரின் கியர் பாக்ஸ் எப்போது பிரிக்கப்பட்டது, சுழலித் தகட்டின் ஆயுளில் இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி, கடைசியாகப் பதிவான கோளாறு சரிசெய்யப்பட்டதா என்ற கேள்விகளுக்கும் விடை தேட வேண்டியது அரசுதான். அந்தத் தேடல் கேமரா முன்னால் நடப்பதில்லை. எவ்வளவு நடக்கிறது என்பதைப் பயணியால் அறியவும் முடிவதில்லை. இந்தியாவின் தனியார் வாடகை விமானத் துறையில் பாதுகாப்புப் பற்றிய சிக்கல் பெருமளவு இங்கேதான் இருக்கிறது: விதிகள் உண்டு, கையெழுத்துகள் உண்டு, ஆனால் காசு கொடுத்து ஏறுபவர் கண்ணில் அவை படுவதில்லை.

கொல்கத்தாவின் கிடர்பூர்க்காரர்களுக்கு இந்தப் பறப்புகள் பழகிப்போனவை. வடக்கே டாலி நாலாவைத் தாண்டினால் ரேஸ்கோர்ஸ். பிரதமர் நகருக்கு வந்தால் ஹெலிகாப்டர் இறங்கும் இடம் அது. தெற்கே டைமண்ட் ஹார்பர் சாலை மோமின்பூர், மாஜேர்ஹாட், தாராதலா வழியாகப் பெஹாலாவுக்குப் போகிறது. கங்காசாகருக்கும் திகாவுக்கும் மாநில அரசு பவன் ஹன்ஸ் நிறுவனத்தைக் கொண்டு நடத்திய ஹெலிகாப்டர் சேவைகள் அந்த மைதானத்திலிருந்துதான் கிளம்பின. இடையில் இருக்கும் மாஜேர்ஹாட்டில் 2018 செப்டம்பர் 4 அன்று சாலை மேம்பாலம் இடிந்து மூன்று பேர் இறந்தார்கள். பராமரிப்பு யார் பொறுப்பு என்ற விவாதம் அதன் பிறகுதான் சூடுபிடித்தது. தரையில் நிற்கும் பாலத்துக்கே அந்த நிலை என்றால், பறக்கும் இயந்திரத்தின் பராமரிப்பை வெளியிலிருந்து கணிப்பது இன்னும் கடினம்.

வாடகைப் பறப்புக்குக் கொல்கத்தா பழைய ஊர். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்கப் படைகள் கிழக்கிந்தியாவில் விட்டுச் சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவாக ஏலத்துக்கு வந்தன. ஏர்வேஸ் இந்தியா, பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், பிஜு பட்நாயக்கின் கலிங்கா ஏர்லைன்ஸ், ஜாம்ஏர் என்று நிறுவனங்கள் முளைத்தன. 1947 பிரிவினையில் அசாமின் ரயில் பாதை கிழக்கு பாகிஸ்தானுக்குள் மாட்டிக்கொண்டது. 1950 ஜனவரியில் அசாம் இணைப்புப் பாதை திறக்கும்வரை, கிடர்பூர் துறையில் கப்பலேற வேண்டிய தேயிலையில் ஒரு பகுதி டக்கோட்டாக்களில் பறந்து வந்தது. சரக்கு இருந்தால் பறப்பு, இல்லையென்றால் ஓய்வு. கால அட்டவணை என்ற ஒன்றே கிடையாது.

போட்டி மிகுந்து நட்டம் குவிந்தபோது, நீதிபதி ராஜாத்யக்ஷா தலைமையில் 1950இல் அமைந்த விசாரணைக் குழு, இருக்கும் வணிகத்துக்கு மீறிய எண்ணிக்கையில் நிறுவனங்கள் அனுமதிக்கப்பட்டுவிட்டன என்று கண்டது. 1953இல் விமானக் கழகச் சட்டம் எட்டு உள்நாட்டு நிறுவனங்களை இந்தியன் ஏர்லைன்ஸில் கரைத்தது. அட்டவணையில்லாப் பறப்பு மட்டும் தனியார் கையில் மிஞ்சியது. ஜாம்ஏர் போன்றவை அந்தச் சந்தில்தான் தொடர்ந்து பறந்தன. 1994இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அதற்குப் பிறகு வாடகைத் துறை புதிதாக வளர்ந்தது. ‘சூரரைப் போற்று’ படத்தின் வழியாகத் தமிழர்களுக்கு அறிமுகமான கேப்டன் கோபிநாத், மலிவு விலை விமான நிறுவனத்துக்கு முன்னால் தொடங்கியது டெக்கான் ஏவியேஷன் என்ற ஹெலிகாப்டர் வாடகை நிறுவனத்தைத்தான். இன்று என்.எஸ்.ஓ.பி. எனப்படும் அட்டவணையில்லா இயக்க அனுமதி பெற்ற நிறுவனங்கள் நூற்றுக்கு மேல். அவற்றில் பல ஒன்றிரண்டு விமானங்களோடு இயங்குபவை.

அந்தச் சிறிய அளவு முக்கியமானது. பராமரிப்பு நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்த்தால் ஏன் என்று விளங்கும்.

ஒவ்வொரு விமானத்தோடும் டெக் லாக் என்றொரு புத்தகம் பயணம் செய்கிறது. இறங்கியதும் விமானி அதில் பறந்த நேரத்தையும், கண்ணில் பட்ட கோளாறையும் எழுத வேண்டும். ஹேங்கரில் அந்தக் கோளாறுக்குப் பெயர் ஸ்னாக். ஸ்னாக் எழுதப்பட்டுவிட்டால், உரிமம் பெற்ற பராமரிப்புப் பொறியாளர், அதாவது ஏ.எம்.இ., அதைச் சரிசெய்து ‘ரிலீஸ்’ கையெழுத்துப் போடாமல் விமானம் நகரக் கூடாது. சில கருவிகள் பழுதாக இருந்தாலும் பறக்கலாம் என்று எம்.இ.எல். என்னும் பட்டியல் இடம் கொடுக்கும். அதற்கும் கெடு உண்டு: பி வகைக் கோளாறுக்கு 3 நாள், சி வகைக்கு 10 நாள், டி வகைக்கு 120 நாள். பாகங்களின் ஆயுள் மூன்று விதமாக எண்ணப்படுகிறது: பறந்த மணி, ஏறி இறங்கிய சுற்று, நாள்காட்டி. ஹெலிகாப்டரின் சில சுழலிப் பாகங்கள் பார்வைக்குப் புத்தம் புதிதாக இருந்தாலும், குறித்த மணி முடிந்ததும் கழற்றி எறியப்பட வேண்டியவை. ஆண்டுக்கு ஒருமுறை இந்தக் கணக்கெல்லாம் சரிபார்க்கப்பட்டுப் பறப்புத் தகுதிச் சான்று புதுப்பிக்கப்படுகிறது.

இந்த அமைப்பு முழுதும் ஒரு செயலை நம்பி நிற்கிறது: விமானி ஸ்னாக்கை எழுத வேண்டும். பெரிய விமான நிறுவனத்தில் எழுதுவது எளிது. அடுத்த விமானம் இருக்கிறது, இறங்கிய ஊரிலேயே ஏ.எம்.இ. இருக்கிறார், உதிரிப் பாகக் கிடங்கு இருக்கிறது. வாடகை ஹெலிகாப்டரோ பள்ளி மைதானத்தில் சுண்ணாம்பால் வரைந்த ‘ஹெச்’ எழுத்தின் மேல் நிற்கிறது. பக்கத்தில் பொறியாளர் இல்லை. மேடையில் தலைவர் பேசிக்கொண்டிருக்கிறார். அடுத்த கூட்டம் இரண்டு மாவட்டம் தள்ளி. அந்த இடத்தில் எழுதினால் பயணம் நின்றது, வாடகை போயிற்று, ஒருவேளை ஒப்பந்தமும் போகும். ஆகவே ஸ்னாக்கை வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுத் தளத்துக்குத் திரும்பியபின் எழுதிக்கொள்ளலாம் என்ற சபலம் இந்தத் தொழிலின் அமைப்பிலேயே இருக்கிறது. எழுதாத கோளாறு எந்தத் தணிக்கையிலும் அகப்படாது.

பறக்கும்போது ஒரு கோளாறு தலைகாட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2009 செப்டம்பர் 2 சாட்சி. ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஹைதராபாத் பேகம்பேட்டையிலிருந்து சித்தூர் மாவட்டத்துக்குக் கிளம்பிய பெல் 430 ஹெலிகாப்டர் மாநில அரசுக்கே சொந்தமானது. நல்லமலைக் காட்டின் மேல் மழை மேகம். அந்த நேரத்தில் விமானி அறையில் கியர் பாக்ஸ் எண்ணெய் அழுத்தம் பற்றிய எச்சரிக்கை. தியாகி என்பவர் தலைமையிலான விசாரணைக் குழு, விமானி அறைக் குரல் பதிவைக் கேட்டு ஒரு முடிவுக்கு வந்தது: இரு விமானிகளும் அந்தக் கோளாறுக்கான பக்கத்தைக் கையேட்டில் தேடுவதில் பல நிமிடங்களைச் செலவிட்டிருந்தார்கள்; வானிலையும் உயரமும் அவர்கள் கவனத்திலிருந்து நழுவின. அதில் இருந்த ஐந்து பேரும் இறந்தார்கள். இயந்திரம் முற்றாகச் செயலிழக்கவில்லை. ஒரு சின்ன எச்சரிக்கை, ஒரு தடித்த கையேடு, திரும்பிப் போகலாம் என்று யாரும் சொல்லாத அவசரம். இவை சேர்ந்ததே போதுமானதாக இருந்தது.

அந்தக் குரல் பதிவு கிடைத்ததும் நற்பேறுதான். எடை குறைந்த பல வாடகை விமானங்களில் கறுப்புப் பெட்டி கட்டாயமாக இருந்ததில்லை. அப்படிப்பட்ட விபத்துகளில் விசாரணை அறிக்கை ‘இப்படி நடந்திருக்கக்கூடும்’ என்ற ஊகத்தோடு முடிவது வழக்கம்.

தமிழ் ரசிகர்கள் மறக்காத இன்னொரு நாள் 2004 ஏப்ரல் 17. பா.ஜ.க. பிரசாரத்துக்காகக் கரீம்நகர் செல்லவிருந்த நடிகை சௌந்தர்யா, பெங்களூரு ஜக்கூர் தளத்திலிருந்து செஸ்னா 180 ஒன்றில் ஏறினார். ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானம். கிளம்பிய சில நிமிடங்களில் விழுந்து, அதில் இருந்த நால்வரும் மாண்டனர். அதற்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன், 2001 செப்டம்பர் 30 அன்று, மாதவராவ் சிந்தியாவும் பத்திரிகையாளர்களும் கான்பூர் கூட்டத்துக்குப் போன விமானம் மைன்புரி அருகே விழுந்து எட்டுப் பேர் இறந்தார்கள். அது ஒரு தொழில் குழுமத்தின் சொந்த விமானம்.

சொந்த விமானம் என்பதற்கு விதியில் தனிப் பொருள் உண்டு. தனியார் பிரிவில் பதிவானதை வாடகைக்கு விடக் கூடாது, என்.எஸ்.ஓ.பி. நிறுவனத்துக்கு விதிக்கப்படும் பயிற்சியும் கண்காணிப்பும் அதற்கு அதே அளவில் பொருந்துவதில்லை. சட்டப்படி அது இலவசமாகக் கொடுக்கப்படும் உதவி. உண்மையில் பணம் கைமாறியதா என்பதை எந்த டெக் லாக்கும் சொல்லாது.

இது இந்தியாவின் தனிக் குறை அல்ல. 2019 ஜனவரி 21 அன்று அர்ஜென்டினக் கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பிரான்ஸின் நான்த் நகரிலிருந்து வேல்ஸுக்குப் பறந்த பைப்பர் மாலிபு ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அந்த விமானிக்கு வணிக உரிமம் இல்லை. அது வாடகைக்குப் பறக்க அனுமதிக்கப்பட்ட விமானமும் இல்லை. முந்தைய பறப்பில் ஏதோ வெடித்தது போன்ற சத்தம் கேட்டதாக விமானி நண்பரிடம் சொல்லியிருந்தார். சாலாவின் ரத்தத்தில் ஆபத்தான அளவு கார்பன் மோனாக்சைடு இருந்ததை விசாரணையாளர்கள் கண்டறிந்தார்கள். எஞ்சின் புகை வெளியேறும் அமைப்பிலிருந்து அது பயணிகள் அறைக்குள் கசிந்திருக்க வேண்டும். பறப்பை ஏற்பாடு செய்தவருக்கு 2021இல் 18 மாதச் சிறை. மாலிபுவில் ஏறியபோது சாலாவுக்கு இவற்றில் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை.

தாளிலேயே குறை தெரிந்தும் கண்காணிப்பு தோற்றதற்கு லாமியா என்ற வாடகை விமான நிறுவனம் உதாரணம். 2016 நவம்பர் 28 அன்று பிரேசிலின் சாபெகோயென்ஸே கால்பந்து அணியை ஏற்றிச் சென்ற அந்த வாடகை விமானத்தின் பறப்புத் திட்டத்தில், பயண நேரமும் எரிபொருள் தாங்கும் நேரமும் ஒரே எண்ணாக இருந்தன. பொலிவிய விமான நிலைய ஊழியர் ஒருவர் அதைச் சுட்டிக்காட்டினார். ஆனாலும் விமானம் கிளம்பியது. கொலம்பியாவின் மெடயின் நகரை நெருங்கும்போது எரிபொருள் தீர்ந்து 71 பேர் இறந்தார்கள்.

மீண்டும் மேற்கு வங்கம். 2022 மார்ச் 4 அன்று மம்தா பானர்ஜி வாரணாசியிலிருந்து கொல்கத்தா திரும்பிய வாடகை ஃபால்கன் விமானம் கடுமையாகக் குலுங்கியது. அவர் முதுகில் அடிபட்டது. எதிரே இன்னொரு விமானம் வந்ததாக அவர் சொன்னார். மாநில அரசு, இந்திய விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் டி.ஜி.சி.ஏ.விடம் அறிக்கை கேட்டது. 2023 ஜூன் 27 அன்று ஜல்பாய்குரியின் கிராந்தியில் பஞ்சாயத்துத் தேர்தல் கூட்டத்தை முடித்துக்கொண்டு பாக்டோக்ரா நோக்கிக் கிளம்பிய அவரது ஹெலிகாப்டர், மோசமான வானிலையில் சேவோக் ராணுவத் தளத்தில் அவசரமாக இறங்கியது. இறங்கும்போது காலிலும் இடுப்பிலும் காயம். விமானி தொடர்ந்து பறக்காமல் இறங்க முடிவெடுத்தது சரி. ஆனால் தலைவருக்குக் காயம் பட்டால் தலைப்புச் செய்தியாகும் அளவுக்கு, அந்த நிறுவனத்தின் முந்தைய தணிக்கையில் என்ன இருந்தது என்ற கேள்வி செய்தியாவதில்லை.

தணிக்கை செய்ய வேண்டியவர்கள் போதுமா என்பது அடுத்த கேள்வி. 2014 ஜனவரி 31 அன்று அமெரிக்க எஃப்.ஏ.ஏ. இந்தியாவின் பாதுகாப்புத் தரவரிசையை இரண்டாம் பிரிவுக்கு இறக்கியது. தகுதிவாய்ந்த பறப்பு ஆய்வாளர்கள் போதாமை முக்கியமான குறைகளில் ஒன்று. அவசரமாக ஆள் எடுத்து 2015 ஏப்ரலில் பழைய இடம் மீட்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2025இல் நாடாளுமன்ற நிலைக்குழு டி.ஜி.சி.ஏ.வின் கணக்கைப் பார்த்தபோது, அனுமதிக்கப்பட்ட 1,063 பணியிடங்களில் நிரம்பியிருந்தவை 553. பெரிய நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான ஜெட் விமானங்களும், ஒற்றை ஹெலிகாப்டர் வைத்திருக்கும் நிறுவனமும் அதே ஆய்வாளர்களின் நேரத்துக்குப் போட்டியிட வேண்டும்.

கேதார்நாத் தடத்தில் அதன் விளைவு தெரிந்தது. 2022 அக்டோபர் 18 அன்று ஆர்யன் ஏவியேஷனின் பெல் 407 ஒன்று விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். 2025 ஜூன் 15 அன்று அதே நிறுவனத்தின் இன்னொரு பெல் 407 கௌரிகுண்ட் அருகே விழுந்தது. மறுபடியும் ஏழு உயிர். ஒதுக்கப்பட்ட நேரத்துக்கு முன்பே அது பறந்ததாகப் புகார் எழுந்து வழக்குப் பதிவானது, சேவை நிறுத்தப்பட்டது. 2022க்கும் 2025க்கும் இடையில் அந்த நிறுவனத்திடம் என்னென்ன குறைகள் கண்டறியப்பட்டன, எவை மூடப்பட்டன என்று அறிய விரும்பிய யாத்திரிகருக்கு ஒரே வழி, டிக்கெட் கவுன்டரில் இருப்பவரின் உறுதிமொழி.

கப்பலில் நிலைமை வேறு. 1890களில் திறக்கப்பட்ட கிடர்பூர் கப்பல்துறைக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலில், துறைமுக நாட்டின் சர்வேயர் ஏறிச் சோதிக்கலாம். தீயணைப்புக் குழாய் ஓட்டையா, உயிர்காப்புப் படகு இறங்குமா, மாலுமிகளின் சான்று காலாவதியா என்று பார்த்துக் குறை எழுதலாம். குறை பெரிதென்றால் கப்பலைத் தடுத்து நிறுத்தலாம். 1999இல் நடைமுறைக்கு வந்த இந்தியப் பெருங்கடல் ஒப்பந்தத்தின்கீழ் அந்த முடிவுகள் உறுப்பு நாடுகளுக்குள் பகிரப்படுகின்றன. எந்தக் கப்பல் எங்கே தடுத்து வைக்கப்பட்டது என்பதை யாரும் இணையத்தில் பார்க்கலாம். காப்பீட்டாளரும் சரக்கு உரிமையாளரும் அதைப் பார்த்தே விலை பேசுகிறார்கள். பயணிகள் கப்பலில் சர்வே சான்றை எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும் என்பது வணிகக் கப்பல் சட்டத்தின் பழைய ஏற்பாடு. கொல்கத்தாவிலிருந்து அந்தமான் போகும் கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கும் அந்தத் தாள், மணிக்கு லட்சம் ரூபாய்க் கணக்கில் கொடுத்து ஹெலிகாப்டர் ஏறுபவர் கேட்டுப் பார்த்தே பழகாத ஒன்று.

தகவல் வெளியே இருந்தால் மட்டும் விபத்து நின்றுவிடாது. கப்பல்களும் மூழ்கத்தான் செய்கின்றன. ஆனால் மோசமாகப் பராமரிப்பவருக்கு அது செலவு வைக்கிறது. வாடகை விமானத்தில் இன்றைக்குச் செலவு முழுதும் ஒழுங்காகப் பராமரிப்பவர் தலையில் விழுகிறது. அவர் ஸ்னாக் எழுதி விமானத்தை நிறுத்துகிறார், பாகத்தைக் கெடுவுக்கு முன் மாற்றுகிறார். ஒப்பந்தமோ குறைந்த விலை கேட்டவருக்குப் போகிறது.

இதை மாற்றும் பலம் வாடிக்கையாளரிடமும் இருக்கிறது என்று எண்ணெய்த் துறை காட்டியது. கடலில் தோண்டும் நிறுவனங்களுக்கு ஹெலிகாப்டர் இன்றியமையாதது. 2018 ஜனவரி 13 அன்று மும்பைக் கடலில் ஓ.என்.ஜி.சி. அதிகாரிகள் உட்பட ஏழு பேர் பவன் ஹன்ஸ் ஹெலிகாப்டரில் இறந்தார்கள். 2022 ஜூன் 28 அன்று இன்னொன்று கடலில் இறங்கி நான்கு பேர் மாண்டார்கள். உலக அளவில் எண்ணெய் நிறுவனங்கள் இதுபோன்ற அடிகளுக்குப் பிறகு, அரசுச் சான்றோடு நிற்காமல், தங்களுக்கென வாடகைத் தரநிலைகளை எழுதிச் சொந்தத் தணிக்கையாளர்களை ஹேங்கருக்கு அனுப்புகின்றன. சுரங்க நிறுவனங்களுக்காக ஃப்ளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் உருவாக்கிய பார்ஸ் தரநிலையும் அதே வழியில் வந்தது.

இந்தியாவில் வாடகை விமானத்தின் பெரிய வாடிக்கையாளர்களில் மாநில அரசுகளும் கட்சிகளும் முன் வரிசையில் நிற்கின்றன. 2025 ஜனவரி 1 முதல் 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதிய வாயுயான் சட்டம் இருக்கிறது. அதன்கீழ் விதிகள் எழுதுவது டெல்லியின் வேலை. ஆனால் ஒப்பந்தம் எழுதுவது வாடகைக்கு எடுப்பவரின் வேலை. கடைசி இரண்டு ஆண்டுத் தணிக்கைக் குறைகளைக் காட்ட வேண்டும், குரல் பதிவுக் கருவி இருக்க வேண்டும், பிரசார நாட்களில் ஏ.எம்.இ. ஒருவர் கூடவே வர வேண்டும், ஸ்னாக் எழுதியோ வானிலையைக் காட்டியோ விமானி பறக்க மறுத்தால் அந்த நாளின் வாடகையைப் பிடிக்கக் கூடாது. இந்த நான்கு நிபந்தனைகளை அடுத்த டெண்டரில் சேர்க்க மேற்கு வங்கத்துக்கோ தமிழ்நாட்டுக்கோ எவருடைய அனுமதியும் தேவையில்லை.